சீந்தில் கசாயம், சீனத்து மூலிகை, மொட்டை மாடி சோலார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொரோனா சமயத்தில் ஆரம்பித்த சீந்தில் கசாயத்தை இன்னும் தினமும் குடிக்கிறேன். கல்லீரல் கெட்டுவிடும் என்று மகன் தடுக்கிறான். வேலியில் படர்கிற கொடி என்ன செய்துவிடும்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மகன் சொல்வதில் விஷயம் இருக்கிறதம்மா. 2021-ல் மும்பை டாக்டர்கள், சீந்தில் சாப்பிட்டு வந்த 6 பேருக்குக் கல்லீரல் பாதித்ததை எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது; அதே சாயலில் இருக்கும் வேறு கொடியைச் சாப்பிட்டிருப்பார்கள் என்றது. சரி, இருக்கலாம் என்று பார்த்தால், மறு வருஷமே பல ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து 43 பேர் கணக்கு வந்துவிட்டது. சீந்தில் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்பதுதானே அதன் பெருமை, அந்தத் தூண்டுதலே சிலருக்கு எதிர்ப்பு சக்தியைச் சொந்தக் கல்லீரல் மேல் ஏவிவிடுவதாகத் தெரிகிறது, அதிலும் ஏற்கெனவே ஆட்டோஇம்யூன் (எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும்) வகை தைராய்டு தொல்லை உள்ளவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் வராது. ஆனால் வருஷக்கணக்கில், யாரையும் கேட்காமல் குடிப்பதைச் சித்த வைத்தியரே ஒப்புக்கொள்ள மாட்டார், அவர்களிடம் மருந்துக்கு அளவும் உண்டு, நாளும் உண்டு. நிறுத்திவிட்டு, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை ஒன்று எடுங்கள். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய், கசாய விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ‘வேறு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?’ என்று அவர் கேட்டால் ‘இல்லை’ என்போம், கசாயத்தை யார் மருந்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்!

கேள்வி: மூலிகையை நவீன மருத்துவம் எப்போதாவது மதித்திருக்கிறதா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: நோபல் பரிசே கொடுத்திருக்கிறது சார். 2015-ல், சீன விஞ்ஞானி து யூயூவுக்கு. சுமார் 1,600 வருஷப் பழைய மருத்துவ நூலில், காய்ச்சலுக்கு ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்தது, கொதிக்க வை என்று இல்லை. சூட்டில்தான் குணம் போகிறதோ என்று, குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தில் சாற்றைப் பிரித்தார். மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் என்ற மருந்து கிடைத்தது. அப்புறம் எலி, குரங்கு, தன் உடம்பு, நோயாளிகள் என்று வரிசையாகச் சோதித்தார். அந்தச் சோதனைக்குத்தான் மதிப்பு.

கேள்வி: 3 கிலோவாட் சோலார் போட்டால் கரண்ட் போனாலும் ஃபேன் ஓடுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வெயில் கொளுத்தினாலும் ஓடாது! மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண சோலார் இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் தானாக அணைந்துவிடும். இல்லையென்றால் உங்கள் மாடி மின்சாரம் கம்பியில் ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கே ஆபத்து. ஃபேன் ஓட வேண்டுமென்றால், கரண்ட் போனாலும் பேட்டரியோடு தனியாக ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், செலவு கூடும். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய், நாளுக்குச் சுமார் 12 யூனிட் எதிர்பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டி நிழல் பேனல் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி நன்றாகவே அடிபடும். அதிகாலையில் கழுவுங்கள், உப்பு போர் தண்ணீர் வேண்டாம், வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும்.