தவணை மாதம் 1,100, பில் 1,081: சங்கிலியை அடகு வைத்து சோலார் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் அருப்புக்கோட்டை பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 22,000 ரூபாய் வந்தால் பெரிது. இரண்டு பிள்ளைகள், மாமியாரும் எங்களோடுதான். கரண்ட் வழக்கமாக 380 யூனிட் ஓடும், 1,081 ரூபாய் வரும். இந்தக் கோடையில் 520 யூனிட் ஓடி 2,208 ரூபாய் கட்டினோம். சோலார் ஏஜென்ட் ஒருவர் வந்து, "3 கிலோவாட் போட்டால் பில்லே வராது. மொத்தம் 1,95,000. மானியம் 78,000 போக தவணை 1,100தான். பில்லுக்குக் கட்டுகிற பணத்தைத் தவணைக்குக் கட்டுங்கள்" என்கிறார். முன்பணம் 20,000 வேண்டும். இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைக்கலாமா? மீட்டர் மாமியார் பெயரில் இருக்கிறது.

பதில்: சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்.

ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. மானியத் தொகை சரி, தவணைக் கணக்கும் கிட்டத்தட்ட சரி. ஆனால் 1,081-ஐயும் 1,100-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. வங்கித் தவணை மாதாமாதம். அதாவது 1,081 ரூபாய் செலவை நிறுத்த 2,200 ரூபாய் கட்டச் சொல்கிறார்.

வருடக் கணக்காகப் பார்ப்போம். ஐந்து சாதாரண பில், ஒரு கோடை பில் சேர்த்தால் உங்கள் செலவு 7,613 ரூபாய். முன்பணம் போக 1,75,000 கடன், 10 வருடம், சுமார் 6.75 சதவீத வட்டி என்றால் தவணை முதலில் 2,000 ரூபாய் வரும். மானியம் முதலில் கிடைப்பதில்லை. பேனல் மாட்டி, மின்வாரியம் பார்த்து, நெட் மீட்டர் (நீங்கள் எடுக்கும் கரண்டையும் பேனல் வெளியே அனுப்பும் கரண்டையும் கணக்கிடும் மீட்டர்) வைத்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். அதைக் கடனில் கட்டி, தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால்தான் 1,100 ஆகும். அப்போதும் வருடம் 13,000 ரூபாய்க்கு மேல். பில் பூஜ்யமே ஆனாலும் வருடத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல் கையை விட்டுப் போகும், பத்து வருடத்துக்கு. இதில் அடகு வட்டியை நான் சேர்க்கவே இல்லை.

"பேனல் 25 வருடம் உழைக்குமே" என்பார். உழைக்கும்தான். ஆனால் பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரை இடையில் ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரும். தவிர, 3 கிலோவாட் பேனல் நாளைக்குச் சுமார் 12 யூனிட் கொடுக்கும், இரண்டு மாதத்துக்கு 720. நீங்கள் செலவழிப்பது 380. மீதியை மின்வாரியம் வரவு வைத்துக்கொண்டாலும் அதற்குக் கிடைக்கும் விலை சொற்பம், அதை வருமானமாக எண்ணாதீர்கள். இன்னொன்று, பேட்டரி இல்லாத இந்த வகை சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். பகல் வெயிலில் பேனல் பளபளத்துக்கொண்டிருக்க உள்ளே ஃபேன் ஓடாது. இதை எந்த ஏஜென்டும் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படியானால் இந்தத் திட்டம் யாருக்கு? இரண்டு ஏசி ஓடி, 900 யூனிட் எடுக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி அவர்கள் பில் 5,820 ரூபாய். அதே 3 கிலோவாட் போட்டால் பில் 188 ரூபாயாகிவிடும். வருடம் 33,000-க்கு மேல் மிச்சம். மானியம் போகக் கைக்காசு 1,17,000 மூன்றரை வருடத்தில் திரும்பிவிடும். அதே பேனல், அதே 78,000 மானியம்! மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் மானியம் கிலோவாட்டை வைத்துத்தான், வருமானத்தை வைத்து அல்ல. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. பெரிய பில் கட்டுகிறவருக்குத்தான் இதில் பெரிய லாபம். உங்களுக்கோ முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம், அடுத்த 100, யூனிட்டுக்கு 2.35 ரூபாய்தான். அவ்வளவு மலிவான கரண்டை மிச்சம் பிடிக்கக் கடன் வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் வருத்தத்துக்காகக் கணக்கை மாற்றிச் சொல்ல முடியாது.

சரி, அந்த 2,208-க்கு வருவோம். உங்களை உண்மையில் அடித்தது அதுதான். 500 யூனிட்டோடு நின்றிருந்தால் பில் 1,805. வெறும் 20 யூனிட் கூடியதற்கு 403 ரூபாய், யூனிட்டுக்கு இருபது ரூபாய் போல! காரணம், 500-ஐத் தாண்டிய உடனே, 101 முதல் 200 வரை உங்களுக்கு இருந்த 2.35 ரூபாய் விலையும் 4.70 ஆகிவிடும். 501-வது யூனிட் எரிந்தாலே சுமார் 243 ரூபாய் கூடுதல். கணக்கெடுப்பவர் வந்த தேதியையும் அன்றைய மீட்டர் எண்ணையும் காலண்டரில் குறித்துவையுங்கள். வாரம் ஒரு முறை பிள்ளைகளில் யாராவது மீட்டரைப் பார்த்து எழுதட்டும். அன்றிலிருந்து நாற்பத்தைந்தாம் நாள் ஓடிய யூனிட் 375-ஐத் தாண்டியிருந்தால் 500 தொடும் என்று பொருள். மீதிப் பதினைந்து நாள் இஸ்திரிப் பெட்டியையும் ஹீட்டரையும் கொஞ்சம் ஓரம்கட்டலாம்.

பணம் போட வேண்டும் என்றால் மொட்டை மாடியில் போடாதீர்கள், மாமியார் தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனில் போடுங்கள். வயதானவர் பகலெல்லாம் வீட்டில் இருப்பதால் அது 18 மணி நேரமாவது ஓடும் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி வகை ஃபேன் 30 வாட். அந்த ஒன்றை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 48 யூனிட் குறையும். நீங்கள் படுக்கும் அறை ஃபேனையும் மாற்றினால் இன்னும் 24. சாதாரண பில்லில் சுமார் 338 ரூபாய் மிச்சம். கோடையில் 520 என்பது 448 ஆகி, 2,208 ரூபாய் 1,477-க்கு இறங்கும். வருடம் 2,400 ரூபாய். இரண்டு ஃபேனும் 6,000 ரூபாய்க்குள் வரும், இரண்டரை வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். ஒரே நேரத்தில் வேண்டாம், மாமியார் ஃபேனை முதலில் வாங்குங்கள். அடுத்த கோடை வருவதற்குள் இரண்டாவது.

அப்புறம் ஃப்ரிட்ஜ். கதவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ரப்பரை மட்டும் மாற்ற முடியும், அதற்குப் புது ஃப்ரிட்ஜ் தேவையில்லை.

சோலாரே வேண்டாமா என்றால், இப்போது வேண்டாம். கடன் இல்லாமல் கையில் 40,000 சேர்ந்தால் 1 கிலோவாட்டைப் பற்றி யோசிக்கலாம். 70,000 விலையில் 30,000 மானியம் போனால் அவ்வளவுதான் ஆகும். இன்றைய உங்கள் செலவுக்கு அது திரும்ப ஆறு வருடம், ஃபேனை மாற்றிவிட்டால் இன்னும் கூடுதல் காலம் எடுக்கும். பில் எல்லா முறையும் 500-ஐத் தாண்டத் தொடங்கினால், அன்றைக்குக் கணக்கே வேறு. அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அதற்குள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மானியத்துக்கு மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாமியார் நல்லபடியாக இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு, வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு ஈபி ஆபீஸ் போய்ப் பெயர் மாற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பின்னால் வாரிசுச் சான்றிதழோடு அலைவதை விட இது எளிது. போகும்போதே சோலார் மீட்டருக்கு வேறு என்ன கட்டணம் சேரும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் மறுபடி வந்தால் அந்தக் காகிதத்தைக் காட்டி, 1 கிலோவாட்டுக்கு மட்டும் விலை சொல்லச் சொல்லுங்கள்.