பாதியில் நின்ற பேச்சு

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பில் சென்ற மாதம் முன்னாள் ராணுவத்தினர் மூவரை அழைத்து, போர் அனுபவங்களைப் பேசச் சொன்னோம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். முதல் இருவரும் சரளமாகப் பேசிக் கைதட்டல் வாங்கினார்கள். மூன்றாமவர் அப்போது பெய்த மழையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு மாணவன் எழுந்து, "நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்டான். பெரியவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் ஒருவர் அவரிடமே போய், அவர் சொன்ன வருடம் தப்பு, அது இரண்டு வருடம் முன்னால் நடந்தது என்று திருத்தினார். ஏற்பாடு செய்தவள் நான். அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் போகவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆறிய புண்ணைக் கீறிவிட்டோமா? வருடத்தையே தவறாகச் சொல்லும் நினைவுகளைக் கூட்டம் போட்டுக் கேட்பதில் பயன் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மழையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கென்னவோ அந்த மூவரில் போரைச் சொல்ல வந்தவர் அவர்தான் என்று தோன்றுகிறது.

பல வருடங்களுக்கு முன் இப்படி ஒரு கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். பேசியவர் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். பனிமலை மேல் காவல். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால், மாற்று பேட்டரியை ராத்திரி முழுக்கச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுப்பாராம். இதைச் சொல்லும்போது அவருடைய இடது கை வயிற்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் குண்டு விழுந்தது, பக்கத்தில் படுத்திருந்தவர் போனது எல்லாம் சொன்னார். அந்தக் கை மட்டும் அங்கிருந்து எழவே இல்லை. பேட்டரி கதை எப்போது முடியும், சண்டை எப்போது வரும் என்று நானும்தான் காத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் உடம்பு எதை இன்னும் கீழே வைக்கவில்லையோ அதைத்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

மழையும் அப்படித்தான். முதல் உலகப் போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நாள்கணக்காக நின்று நின்று வீரர்களுக்குப் பாதம் அழுகியது. மருத்துவத்தில் அந்த நோய்க்குப் பதுங்குகுழியின் பெயரே நிலைத்துவிட்டது. நனைந்த காலுறையைக் கழற்ற முடியாமல் ஒரு வாரம் இருந்தவனுக்கு மழை என்பது பின்னணி இல்லை.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் பார்த்த படங்கள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த கேள்வி அது. ஆனால் பெரியவர் இடத்திலிருந்து பாருங்கள். ஒருவரையும் சுடவில்லை என்றால் அவன் முகம் வாடும். பத்துப் பேர் என்றால் சபை கைதட்டும். இரண்டையும் ஒரு மனிதன் எப்படித் தாங்குவான்? மைக்கைக் கீழே வைத்ததுதான் அவர் சொல்லியிருக்கக்கூடிய பதில்.

ஹாரி பாட்ச் என்றொரு பிரிட்டிஷ் வீரர். 1917-இல் பெல்ஜியத்தில் நடந்த பாஷன்டேல் சண்டையில் எந்திரத் துப்பாக்கிக் குழுவில் இருந்தார். செப்டம்பர் 22 அன்று ஒரு குண்டு வெடித்ததில் அவருடைய நண்பர்கள் மூன்று பேர் இறந்தார்கள், அவருக்கும் காயம். 1998-இல், நூறு வயதில்தான் அவர் அந்தப் போரைப் பற்றி வாய் திறந்தார். எண்பது வருட மௌனம். 2009-இல் 111 வயதில் இறந்தார். ஊரெல்லாம் போர் முடிந்த நவம்பர் 11-ஐ நினைவு நாளாகக் கொண்டாட, அவருக்கு அந்தச் செப்டம்பர் 22-தான் நினைவு நாள்.

இந்த மௌனம் பிறவிக் குணமல்ல, பழக்கப்படுத்தப்பட்டது. முதல் உலகப் போரில் ஓடிப்போனவன், கோழை என்றெல்லாம் குற்றம் சாட்டிச் சொந்த ராணுவமே சுட்டுக் கொன்ற பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்கள் 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு கிடைத்தது. போர் மனத்தில் விட்டுச்செல்லும் அதிர்ச்சியைத் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் சேர்த்ததே 1980-இல். அதுவரை நடுங்கியவன் தன் நடுக்கத்தை மறைத்தே வாழ வேண்டியிருந்தது. ஆகவே ஆறிய புண் என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறியதாக நாம் நினைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். அவருக்குத் தூக்கம் கெட்டிருந்தாலோ, ஆளே மாறியிருந்தாலோ குடும்பத்தாரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள். இல்லையென்றால், நீங்கள் போகாமல் இருப்பதுதான் அவருக்கு அதிகம் வலிக்கும்.

சரி, வருடத்துக்கு வருகிறேன். இத்தாலியில் டெர்னி என்ற எஃகு நகரம். லூயிஜி டிராஸ்டுல்லி என்ற இளம் தொழிலாளி, நேட்டோவில் இத்தாலி சேர்வதை எதிர்த்த போராட்டத்தில் 1949-இல் போலீஸ் கையில் இறந்தார். பல வருடங்கள் கழித்து அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி என்ற ஆய்வாளர் அந்த ஊர்த் தொழிலாளர்களிடம் கேட்டபோது, பலரும் 1953-இல் இறந்ததாகச் சொன்னார்கள். ஆலையில் கூட்டங்கூட்டமாக ஆட்களை வேலையிலிருந்து நீக்கிய வருடம் அது. தங்களுக்கு எது பெரிய அடியாக விழுந்ததோ, அந்த இடத்துக்கு அந்த மரணத்தையே நகர்த்திவிட்டார்கள். போர்ட்டெல்லி அதைப் பிழை என்று ஒதுக்கவில்லை. அவர்கள் ஏன் அப்படி நினைவு வைத்தார்கள் என்று கேட்டார்.

தேதி வேண்டுமென்றால் ராணுவ ஆவணங்களில் தேடலாம். பெரியவர் சொன்னதை எழுதி வைக்கும்போது சரியான வருடத்தைப் பக்கத்தில் குறித்துக்கொள்வதும் நல்லதே. ஆனால் இரண்டு வருடம் அவரிடம் ஏன் தள்ளிப்போனது என்று யாராவது பொறுமையாகக் கேட்டிருந்தால் நமக்கு ஒரு கதை கிடைத்திருக்கும். கூட்டம் கலையும் நேரத்தில் முகத்துக்கு நேரே திருத்தியதில் அது போய்விட்டது.

பதினைந்து நிமிடம் என்பதும் போதாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000-இலிருந்து போர் வீரர்களின் நினைவுகளைச் சேகரிக்கிறது. குறைந்தது 30 நிமிடப் பதிவு வேண்டும் என்பது அவர்கள் விதி. நீங்கள் அடுத்த முறை ஒரே ஒருவரை அழையுங்கள். மேடை வேண்டாம், வட்டமாக நாற்காலி போட்டால் போதும். கைதட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் நடுவில் நிறுத்தினால் யாரும் அந்த இடைவெளியை நிரப்பப் போகாதீர்கள்.

ஆனால் அதற்கு முன் இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். அந்தப் பையன் வர விரும்பினால் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். மன்னிப்புக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். "அன்னைக்கு மழையைப் பத்திச் சொல்லிட்டு இருந்தீங்களே, எத்தனை நாள் பெஞ்சது?" என்று கேளுங்கள்.

அன்புடன்