ஒத்தை நாத்து போன தூரம்

அன்புள்ள அண்ணா,

நான் எம்.எஸ்சி. படிக்கிறேன். எங்க காலேஜ்ல சோலார் பேனல் போட்டிருக்காங்க, மரம் நட்டு போட்டோ எடுக்குறாங்க, பசுமை வளாகம்னு போர்டும் வச்சாச்சு. காம்பவுண்டுக்கு வெளிய இருக்கிற ஊருக்கு இதனால என்னன்னு கேட்டா யாரும் பதில் சொல்றதில்ல. மண்ணும் தண்ணியும் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுறதுக்கு யுனிவர்சிட்டியால நிஜமாவே ஏதாச்சும் ஆகுமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள தங்கைக்கு,

சோலார் பேனல் இருக்கட்டும்மா, நல்லதுதான். உன் கடிதத்தைப் படிச்சதும் எனக்கு ஒத்தை நாத்து நடவுதான் ஞாபகம் வந்துச்சு, திருந்திய நெல் சாகுபடின்னு சொல்றோமே அதேதான்.

மடகாஸ்கர்ல ஹென்றி டி லோலானியேன்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார், 1961-லேர்ந்து அங்க விவசாயிங்க கூடவே இருந்தவர், 1983-ல காலம் தப்பிப் போனதால நாத்து முழுசா வளர்றதுக்குள்ள 15 நாள் இளநாத்தையே நடும்படி ஆயிடுச்சு, பாத்தா அது பக்கத் தண்டு நிறைய விட்டு தூர் கட்டி நிக்குது. அதுலேர்ந்து வளந்ததுதான் இந்த முறை: இளநாத்து, குத்துக்கு ஒண்ணு, கால் மீட்டர் இடைவெளி, தண்ணிய தேக்கி வைக்காம காய்ச்சலும் பாய்ச்சலுமா விடுறது.

பத்து வருஷம் அந்தத் தீவத் தாண்டி இதப்பத்தி பெருசா யாருக்கும் தெரியாது. காட்ட எரிச்சு விவசாயம் பண்றத குறைக்க வழி தேடி மடகாஸ்கர்ல ரனோமஃபானா காட்டோரம் போன அமெரிக்காவோட கார்னெல் யுனிவர்சிட்டி ஆளுங்கதான் இத வெளிய கொண்டு வந்தாங்க. அதுல முக்கியமானவர் நார்மன் அப்ஹாஃப், அவர் வேளாண் விஞ்ஞானியே இல்ல, அரசியல் அறிவியல்காரர், முன்னாடி இலங்கையில கல் ஓயா பாசனத்துல விவசாயிங்கள ஒண்ணு சேக்குற வேலையில இருந்தவர். வயக்காட்டு பேச்ச காது குடுத்து கேக்குற பழக்கம் அங்கயே வந்திருக்கும்னு நான் நினைக்கிறேன்.

2000 வாக்குல கோவை வேளாண் பல்கலைக்கழகம் இத சோதிச்சு, அப்புறம் தாமிரபரணி, காவிரி பக்கம் விவசாயிங்க வயல்லயே போட்டுக் காட்டுனாங்க. ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை போன இடத்துல 3 கிலோ போதும்னா சும்மாவா? தண்ணியும் மிச்சம், சேத்துல தண்ணி தேங்கியே கிடந்தாதான் மீத்தேன் கிளம்பும், காயவிட்டா அதுவும் குறையுது.

இன்னொண்ணும் சொல்லணும். 2006-ல அதே கார்னெல்ல இருக்கிற விஞ்ஞானிங்களே, மடகாஸ்கர விட்டா வேற எங்கயும் இது ஏற்கெனவே இருக்கிற நல்ல சாகுபடி முறைய விட கூடுதலா விளைஞ்சதுக்கு ஆதாரம் பத்தலன்னு கட்டுரை எழுதுனாங்க. ஒரே வளாகத்துல ஒருத்தர் தூக்கிப் பிடிக்கிறத இன்னொருத்தர் கணக்கு போட்டு மறுக்குறாரு. விதை விக்கிற கம்பெனி தன் சரக்க இப்படி மறுத்து எழுத விடுமா? இந்தச் சண்டைக்காகவே யுனிவர்சிட்டி வேணும்னு சொல்வேன்.

ஆனா எங்க சித்தப்பா ரெண்டு போகம் போட்டுட்டு விட்டுட்டார். வயலுக்கு வயல் தண்ணி பாயுற கடைமடை, மேல் வயக்காரர் தேக்கினா இவர் எப்படி காயப்போடுறது? கோனோவீடர்ங்கிற களையெடுக்குற உருளைக் கருவிய களிமண்ணுல தள்ளி தள்ளி பொம்பளைங்களுக்கு தோள்பட்டை கழண்டு போச்சு, மறுநாள் வரமாட்டேன்னுட்டாங்க. ஏன் விட்டீங்கன்னு அவர இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து கேக்கல, எனக்கு இதுதான் மனச அறுக்குது.

ப்ராஜெக்டுக்கு தலைப்பு இன்னும் முடிவாகலன்னா, ஒத்தை நாத்த போட்டுட்டு விட்டவங்க வீட்டுக்கு போ, நடவுக்கு போற அக்காங்க கிட்டயும் உக்காந்து கேளு. எழுதினத எனக்கு அனுப்பு, சித்தப்பா கிட்ட நானே கூட்டிட்டு போறேன்.