'சோடியம் குறைந்த' சிப்ஸ் சிறுநீரகத்துக்கு நல்லதா?

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. போன ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.4 என்று வந்ததால், குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அப்பாவுக்கோ உருளைக்கிழங்கு இல்லாமல் சாப்பாடு இறங்காது. 'சோடியம் குறைந்தது' என்று போட்ட சிப்ஸ், உறையவைத்த உருளைத் துண்டுகள் எல்லாம் கடையில் இருக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். சாதாரணக் கிழங்கையே வாங்குங்கள். அதிலுள்ள பொட்டாசியத்தில் ஒரு பங்கை நீங்களே வெளியேற்றலாம். சிப்ஸில் அது முடியாது.

100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. சிப்ஸில் தண்ணீர் வற்றிவிடுவதால் அதே எடைக்கு இரண்டு மூன்று மடங்கு வரும். 'சோடியம் குறைந்தது' என்ற வரிதான் எனக்கு அதைவிடக் கவலை. உப்புச் சுவை குறையாமலிருக்கச் சில தயாரிப்புகளில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். சேர்மானப் பட்டியலில் அந்தப் பெயரோ 508 என்ற எண்ணோ இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். சோடியம் குறைந்த சமையல் உப்பும் பெரும்பாலும் இதே கதைதான்.

உறையவைத்த துண்டுகள் கறுக்காமலிருக்கப் பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் கலந்த உப்பைச் சேர்ப்பதுண்டு. பட்டியலில் 450 என்று இருக்கும். கிழங்கில் இயல்பாக உள்ள பாஸ்பரஸைவிட, இப்படிச் சேர்த்தது உடலில் அதிகமாக ஏறும். தளர்ந்த சிறுநீரகத்துக்கு அதையும் வெளியேற்றுவது சிரமம்.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? தோலைச் சீவி, சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பொட்டாசியம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். துருவி வேகவைத்தால் இன்னும் குறையும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். பச்சைத் தண்ணீரில் ஊறுவதால் மட்டும் பெரிதாக எதுவும் இறங்காது, கொதிக்கத்தான் வேண்டும். தோலோடு சுட்டால், ஆவியில் வேகவைத்தால், குக்கரில் தண்ணீர் சுண்டும்வரை விட்டால், பொட்டாசியம் பெரும்பாலும் கிழங்கிலேயே தங்கிவிடும். வெந்த தண்ணீரை சூப்புக்கு எடுத்து வைக்காதீர்கள். வடித்த பிறகு கொஞ்சம் எண்ணெயில் வறுக்கலாம், மசிக்கலாம். மசியலில் பால் தாராளமாக ஊற்றினால் பொட்டாசியம், பாஸ்பரஸ் இரண்டும் கூடும்.

இப்படிச் செய்தாலும் மீதிப் பாதி இருக்கத்தான் செய்கிறது. அப்பாவுக்கு எவ்வளவு, வாரத்தில் எத்தனை முறை என்பதை அவருடைய ரிப்போர்ட்டைப் பார்த்து உணவியல் நிபுணர்தான் சொல்ல வேண்டும். கிழங்கு சாப்பிடும் வேளையில் தக்காளி, வாழைப்பழம் வேண்டாம். திடீரென்று கைகால் தளர்ந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

இன்னொன்று. சிறுநீரகக் கோளாறு உள்ள எல்லோருக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லாதவர்கள், இதைப் படித்துவிட்டுப் பயந்து கிழங்கை நிறுத்த வேண்டியதில்லை.