பூங்கா இருந்தும் ஆள் வராத குடியிருப்பு

குடியிருப்பில் பூங்கா கட்டியும் யாரும் பழகுவதில்லை என்கிறீர்கள். அதற்காகப் புதிய ஊஞ்சல் வாங்க வேண்டாம். இருக்கிற பெஞ்சுகளில் இரண்டைப் பின்மதில் ஓரத்துப் பூங்காவிலிருந்து எடுத்து, நுழைவாயில் பக்கம் நிழலில் போடுங்கள். ஒன்றையொன்று பார்த்தபடி சற்றுக் கோணலாக இருக்கட்டும்.

பூங்கா யார் போகிற வழியிலும் இல்லாததே காரணமாக இருக்கலாம். பள்ளி வேனுக்குக் காத்து நிற்கும் இடத்தில்தான் பேச்சு தொடங்கும். சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடிகள் பலவற்றில் தரைத்தளம் வீடுகளின்றித் திறந்தே கிடக்கிறது. லிஃப்டுக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். நம் திண்ணையும் வாசலை ஒட்டித்தான் இருந்தது, கொல்லையில் அல்ல.

பெஞ்சுகளைச் சிமென்ட் பூசி நிறுத்துவதற்கு முன், ஒரு வாரம் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுப் பாருங்கள். மாலையில் அவற்றை எங்கே இழுத்துப் போட்டு உட்காருகிறார்களோ, அதுதான் இடம். (குடியிருப்போர் சங்கச் செயலாளர் முகம் சுளிப்பார், விடுங்கள்.)

உள்சாலையில் வண்டிகள் பறந்தால் பெஞ்சு மட்டும் உதவாது. சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்ட நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட், போக்குவரத்து குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்களும், நெரிசல் தெருவில் 0.9 நண்பரும் இருக்கக் கண்டார். அப்படியானால் வேகத்தடைதான் முதல் செலவு. தரைத்தள வீட்டாரின் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே மட்டும் எதையும் போட்டுவிடாதீர்கள்.