மறுமொழி: மலாய்ப் பெண்களும் தொலைக்காட்சி நாடகங்களும் – நேர்காணல் சிக்கல்

வணக்கம். மலேசியாவின் ஷா ஆலம் நகரில் நீங்கள் பேட்டி கண்ட மலாய்ப் பெண்கள் எல்லோரும் "பொழுதுபோக்குக்காகத்தான் பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டதால், நாடகங்களுக்குத் தாக்கமே இல்லை என முடிவு கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். "உங்களைப் பாதிக்கிறதா?" என்று நேராகக் கேட்டால் யார்தான் ஆம் என்பார்கள்? கதாபாத்திரங்களைப் பற்றிக் கேளுங்கள். 2009இல் மலேசியத் தொலைக்காட்சி அலைவரிசையான டிவி3 ஒளிபரப்பிய 'நூர் காசே' தொடரில், குடும்பம் ஏற்பாடு செய்த திருமணத்தை மனமின்றி ஏற்கும் ஆடம் செய்தது சரியா என்று கேட்டுப் பாருங்கள். கணவனின் கடமை, இரண்டாம் மனைவி, மாமியார், சொந்தச் சம்பளம் என்று பேச்சு தானாகவே விரியும்.

'மேற்கத்திய நவீனம், மலாய் மரபு' என்று வினாத்தாளை இரண்டாகப் பிரித்திருப்பதையும் மாற்றுவது நல்லது. 1971இல் மலேசியாவில் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின், பினாங்கின் பாயான் லெப்பாஸ் போன்ற தொழிற்பேட்டைகளுக்குக் கம்பத்திலிருந்து (மலாய்க் கிராமத்திலிருந்து) வேலைக்கு வந்த பெண்களின் மகள்களும் பேத்திகளும், தூடோங் (தலைமுக்காடு) அணிந்தபடியே அலுவலகத்தை நிர்வகிக்கும் நாயகியில் எந்த முரணையும் காண்பதில்லை. கொரிய நாடகங்களின் காதலை ரசித்துக்கொண்டே, அதில் வரும் மதுக்காட்சியைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் அவர்களே.

முடிந்தால் உடன் அமர்ந்து பாருங்கள். டிவி3இன் மாலை ஏழு மணி 'அகாசியா' நாடக நேரத்தின் நடுவே, சூரியன் மறைந்ததும் தொழும் மக்ரிப் தொழுகை வேளை வந்துவிடும். அப்போது யார் எழுகிறார்கள், தவறிய காட்சியை யார் யாரிடம் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுக்கு முன்அனுமதி கேட்க மறவாதீர்கள்.