விளையாட்டுக் கோட்பாடு கற்பிக்க விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

பொருளியலில் சிறப்புப் பட்டம் முடித்த தங்கள் மகள், தனியார் வங்கியொன்றில் கிடைத்த பயிலுநர் வேலையை விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு விளையாட்டுக் கோட்பாட்டுப் பயிற்சி வகுப்பு நடத்தும் தற்காலிக உதவி விரிவுரையாளர் பணியை ஏற்க விரும்புவதாகவும், அதனால் ஓராண்டு வீணாகிவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைகளைப் படிப்பித்த தகப்பனுக்கு அந்தப் பயம் வருவது நியாயமே. ஆயினும் அவர் அந்தப் பணியை ஏற்கலாம் என்பதே என் கருத்து. அந்த ஆண்டு பலன் தருமா என்பது, பாடத்தை அவர் எப்படிக் கற்பிக்கிறார் என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

ஒருவருக்குக் கிடைக்கும் பலன் மற்றவர் எடுக்கும் முடிவிலும் தங்கியிருக்கும்போது எப்படி முடிவெடுப்பது என்று ஆராய்வதே விளையாட்டுக் கோட்பாடு. பாடத்தின் தகுதியைப் பற்றிய ஐயம் வேண்டாம். 1944இல் ஃபொன் நொய்மனும் மோர்கன்ஸ்டெர்னும் எழுதிய நூலாலும், 1950களின் தொடக்கத்தில் ஜோன் நாஷ் வெளியிட்ட கட்டுரைகளாலும் நிலைபெற்ற இத்துறை, இன்று பொருளியல் பட்டப்படிப்பின் மையத்தில் இருக்கிறது. நாஷுக்கு 1994இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

வகுப்பில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உயர்தரத்தில் கலை, வர்த்தகப் பிரிவுகளிலிருந்து வந்த பிள்ளைகள் பலருக்குக் கணிதக் குறியீட்டைக் கண்டாலே கை நடுங்கும். முதல் நாளே சமநிலை என்பதன் வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதினால், அவர்கள் அதைப் பாடமாக்கிப் பரீட்சையில் ஒப்புவிப்பார்களேயன்றி விளங்கிக்கொள்ளமாட்டார்கள். தங்கள் மகள் காலி வீதியில் அருகருகே இருக்கும் இரண்டு புடவைக் கடைகளை எடுத்துக்கொள்ளட்டும். தீபாவளிக்கு இரு கடைகளும் விலையைக் குறைக்காவிட்டால் ஆளுக்கு 6 இலட்சம் ரூபாய் இலாபம். ஒன்று மட்டும் குறைத்தால் குறைத்த கடைக்கு 8, மற்றதற்கு 2. இரண்டும் குறைத்தால் ஆளுக்கு 4 என்று வைத்துக்கொள்வோம். விளக்கம் எதுவும் சொல்லாமல், மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் முடிவை மற்றவர் பாராமல் துண்டுக் கடதாசியில் எழுதச் சொல்லவேண்டும். எழுதியவற்றைத் திரட்டிய பிறகுதான் அட்டவணை வரவேண்டும்.

அப்போது ‘ஆறும் ஆறும்தான் சமநிலை, இருவருக்கும் அதுதானே நல்லது’ என்று வகுப்பில் யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அந்தப் பிழையை உடனே திருத்திவிடக் கூடாது. பக்கத்துக் கடை விலையைக் குறைக்காதபோது நீ குறைத்தால் ஆறு எட்டாகிறது. அது குறைக்கும்போது நீயும் குறைத்தால் இரண்டு நான்காகிறது. ஆகவே மற்றவர் எதைச் செய்தாலும் உனக்குக் குறைப்பதே இலாபம் என்பதை அவர்களே விரல் வைத்து எண்ணிக் காணவேண்டும். இருவருக்கும் நல்லதாக இருப்பது வேறு, தன் முடிவைத் தனித்து மாற்ற ஒருவருக்கும் தூண்டுதல் இல்லாத நிலையாகிய சமநிலை வேறு என்பது பிடிபட்டால், அடிப்படைப் பாடத்தின் பாதி முடிந்துவிட்டது. அடுத்த தீபாவளிக்கும் அதே கடைகள் அதே இடத்தில் இருக்குமே என்று ஒரு மாணவி கேட்டால், மீள நிகழும் ஆட்டங்களுக்கு அதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. ஒரே முடிவில் நில்லாமல் பலவற்றுள் ஒன்றை நிகழ்தகவின்படி தேர்வதாகிய கலப்பு உத்திகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் எளிய சமன்பாட்டுக்கு மேல் தேவைப்படாது.

வேலைவாய்ப்புக்கு வருகிறேன். இப்பாடம் நேரடியாகப் பயன்படும் இடங்களில் ஒன்று ஏலம். கொழும்பில் 1883இல் தொடங்கிய தேயிலை ஏலத்தில் விலை படிப்படியாக ஏறும், போட்டியாளர் கேட்கும் விலையும் வெளிப்படையாகத் தெரியும். ஆகையால், தனக்கு அந்தச் சரக்கு எவ்வளவு பெறுமதியோ அதுவரை கேட்டு அதற்குமேல் நிறுத்திக்கொண்டால் போதும். அரசின் குறுங்காலக் கடன் பத்திரங்களாகிய திறைசேரி உண்டியல்களுக்கு மத்திய வங்கி நடத்தும் ஏலத்திலோ மற்றவர் என்ன கேட்டார் என்று தெரியாமலே விலைமனு இடவேண்டும். ஆகவே, எவ்வளவு விட்டுக்கொடுத்துக் கேட்பது என்பதே அங்கே முழுக் கணக்கும். ஏல விதி மாறினால் கேட்பவர் நடத்தையும் மாறும் என்பதை ஆராய்ந்த மில்குரொமும் வில்சனும் 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள். இதை இருபது வயதுப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்லிப் பழகியவர், வங்கியின் திறைசேரிப் பிரிவிலோ தேயிலைத் தரகு நிறுவனத்திலோ நேர்முகத் தேர்வுக்குப் போனால், ‘எதிர்த்தரப்பு என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்குத் தடுமாறமாட்டார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அது எப்போது முடிகிறது, பயிற்சி வினாக்களைத் தாமே அமைக்கலாமா என்ற இரண்டையும் மகள் திணைக்களத்தில் கேட்டறியவேண்டும். இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், வங்கி வேலையை ஏற்பதே மேல் என்பேன். ஆம் என்றால் சேரட்டும். ஆனால் மத்திய வங்கியும் வர்த்தக வங்கிகளும் விண்ணப்பம் கோரும்போதெல்லாம் அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும், தற்காலிகப் பணி நீடிக்கும் என்று நம்பி ஒன்றையும் தவறவிடக் கூடாது. வங்கிக்கு மறுப்புக் கடிதம் எழுதும்போது, சேரும் திகதியைத் தள்ளிவைக்க முடியுமா என்றும் பணிவாக ஒரு வரி கேட்கச் சொல்லுங்கள்.